தோற்ற பேட்சைக் குழியில் கொட்டும் முன் ஒரு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் பட்டுக்கூடு விளைச்சலில் சாதித்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் அடிக்கடி வருகின்றன. 100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) 80 கிலோ, 85 கிலோ எடுத்தவர்களின் படமும் பேட்டியும் இருக்கும். அவை வர வேண்டியவைதான். ஆனால் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ அதைப் படிக்கும் ஒரு விவசாயி, போன பேட்சில், அதாவது போன தடவை வளர்த்த புழுக்களில், 40 கிலோகூடத் தேறாமல் உட்கார்ந்திருப்பவர், அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. “அவரும் வி-1 ரக மல்பெரிச் செடிதான், நானும் வி-1 செடிதான். அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரல?” என்ற கேள்விதான் மிஞ்சுகிறது. அதற்கான பதில் சாதித்தவரின் புழு வளர்ப்பு மனையில் கிடைக்காது. தோற்றவரின் சொந்த மனையில், செத்த புழுவின் உடம்பில் இருக்கிறது. அந்தப் பதிலை எப்படி எடுப்பது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம்.

‘தோல்வியே வெற்றியின் முதல் படி’ என்று மேடையில் சொல்வது எளிது. பட்டுப்புழு வளர்ப்பில் அது ஒரு நிபந்தனையோடு மட்டுமே உண்மையாகிறது. எதனால் தோற்றோம் என்று கண்டுபிடித்தால்தான் அடுத்த பேட்ச் ஏறும். கண்டுபிடிக்காவிட்டால் அதே மனையில், அதே தட்டில், அதே நோய் நாற்பது நாளில் திரும்பி வரும். மேலும், தோற்ற புழு ஒன்றிரண்டு நாளில் அழுகிவிடும். அதன் பிறகு பால்புழு நோயில் செத்ததா, பிளாச்சரி நோயில் செத்ததா, மருந்து பட்டுச் செத்ததா என்று அனுபவசாலிக்கும் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்புக் குழம்பாகக் கிடக்கும்.

நம் பக்கத்தில் நடப்பது என்ன? புழு விழத் தொடங்கியதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று இரவோடு இரவாகப் புழுவும் இலையும் கிடக்கும் படுக்கையை வாரி எருக்குழியில் கொட்டுவார்கள். மறுநாள் மனையைப் பெருக்கி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் தூவி, “முட்டை சரியில்ல” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எருக்குழியிலிருந்து நோய்க்கிருமி காற்றிலும் காலிலும் பயணப்பட்டு மல்பெரித் தோட்டத்துக்கே போய்ச் சேரும். வெட்கத்தால் மறைத்த ஒரு தோல்வி ஊரில் நாலு மனைக்குப் பரவுவது இந்த வழியில்தான்.

மாமரத்தோடு ஒப்பிட்டால் பட்டுப்புழுவின் அருமை புரியும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூ கருகினால் அடுத்த பூவுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பட்டில் இரண்டு பிளாட்டாகத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருப்பவர் வருடத்துக்கு எட்டு, பத்து பேட்ச் எடுக்கிறார். முட்டை பொரித்து இளம்புழு வளர்த்துத் தரும் சாக்கி மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த இளம்புழு வந்தால், கூடு கட்டத் தயாரான, அதாவது பழுத்த புழுவைக் கூடு கட்டும் வலையில் விடும் வரை பதினேழு, பதினெட்டு நாள்தான். ஒரு தவறைக் கண்டுபிடித்து, திருத்தி, சரியா என்று சோதித்துப் பார்க்க இவ்வளவு சீக்கிரம் வாய்ப்பு தரும் விவசாயம் நம் மாவட்டங்களில் வேறு அதிகம் இல்லை. அந்த வாய்ப்பைத்தான் எருக்குழியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அடையாளம். புழு விழத் தொடங்கிய அன்றே, பகல் வெளிச்சத்தில், கொட்டுவதற்கு முன் இருபது இருபத்தைந்து புழுவைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

தோல் பளபளவென்று மின்னி, கணுவுக்குக் கணு உப்பி, புழு தட்டின் விளிம்பை நோக்கி நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தால் அது கிராசரி எனப்படும் பால்புழு நோய். சந்தேகம் இருந்தால் ஒரு காலின் நுனியை ஊசியால் லேசாகக் குத்துங்கள். நல்ல புழுவின் இரத்தம் தெளிவாக இருக்கும். நோய் வந்த புழுவிலிருந்து மோர் போன்ற கலங்கிய வெள்ளைத் திரவம் வரும். அந்தச் சொட்டில்தான் கோடிக்கணக்கான வைரஸ் துகள்கள் இருக்கின்றன. குத்திய ஊசியும் தொட்ட கையும் உடனே கிருமிநாசினியில் நனைய வேண்டும்.

இலை தின்னாமல், மந்தமாகப் படுத்து, உடம்பு தொளதொளவென்று ஆகி, வாந்தியும் பேதியும் இருந்து, செத்த பிறகு கறுத்து நாறினால் பிளாச்சரி. இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஈர இலை, புழுதி படிந்த இலை, வாடிய இலை, முற்றிப்போன இலை, காற்றோட்டம் இல்லாத வெக்கை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

செத்த புழு அழுகாமல் விறைத்து, பிறகு மேலே வெள்ளை மாவு பூத்தால் மஸ்கார்டின், நாம் சொல்லும் சுண்ணாம்புக்கட்டி நோய். இது குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை. வெள்ளை பூப்பதற்கு முன்பே, விறைத்த நிலையிலேயே பொறுக்கி எரித்துவிட வேண்டும். அந்த மாவில் ஒவ்வொரு துகளும் விதை.

தோலில் வெண்மையான சின்ன முட்டையோ, கறுத்த தழும்போ தெரிந்தால் ஊசி ஈ. 1980இல் கர்நாடகத்தில் நுழைந்து பிறகு நம் பக்கம் பரவிய பூச்சி இது. ஜன்னல் வலையில் ஓட்டை, கதவுக்கு முன் தடுப்பு அறை இல்லாமை, இலைக் கட்டோடு உள்ளே வந்த ஈ என்று காரணம் கண்ணால் காணக்கூடியதாகவே இருக்கும்.

மருந்து பட்ட புழுவின் கதை வேறு. காலையில் போட்ட இலையைத் தின்று, மதியத்துக்குள் மொத்தமாகத் தலையைத் தூக்கி ஆட்டும். பச்சை வாந்தி எடுக்கும். உடம்பு சுருங்கி வளையும். நோய் என்றால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். மருந்து என்றால் மணிக்கணக்கில், எல்லாத் தட்டிலும் ஒரே சமயத்தில் நடக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரங்களில் மல்பெரியை ஒட்டித் தக்காளி இருக்கிறது. தளி, ஓசூர் பக்கம் பூந்தோட்டங்கள் இருக்கின்றன. பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து காற்றில் வந்து இலையில் படிவது இங்கே அன்றாடம் நடப்பது. சில மருந்துகள் கொல்லவும் செய்யாது. பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் வகை மருந்து சிறிதளவு பட்டாலே புழு பழுக்காமல், கூடு கட்டாமல், தின்றுகொண்டே நாள் கடத்தும். அதைப் பார்த்து “முட்டை சரியில்ல” என்று சொல்வது, குற்றவாளியை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடிப்பதாகும். இதற்கு ஒரு சோதனை போதும். சந்தேகமான பக்கத்திலிருந்து இலை பறித்து, தனித் தட்டில் 50 புழுவுக்குக் கொடுத்து 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் அந்த இலையை மற்றவற்றுக்குப் போடலாம்.

பெப்ரின் என்ற நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். புழு ஒரே வயதில் இருந்தும் சிறிதும் பெரிதுமாக வளர்வது, தோலுரிப்பு ஒரே நேரத்தில் முடியாமல் இழுப்பது, உடம்பில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகள். இது தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாக வரக்கூடியது. மைக்ரோஸ்கோப் இல்லாமல் உறுதி செய்ய முடியாது. இங்கே முட்டையின் மேல் சந்தேகப்படுவது நியாயம். அதற்குத்தான் முட்டை வாங்கிய ரசீதும் லாட் எண்ணும் பத்திரமாக இருக்க வேண்டும். புழுக்களைக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்து வைத்து, பாலிதீன் பையில் போடாமல், அன்றே பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்கோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்துக்கோ கொண்டுபோக வேண்டும். பாலிதீனில் வியர்த்து அழுகிய புழுவைக் கொடுத்தால் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

என்ன நோய் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்ற இரண்டும் மீதிப் பாதி. அடுக்குத் தாங்கியின் மேல்தட்டில் மட்டும் அதிகம் செத்தால் கூரை வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை மனைகளில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கையில் தெரியாது, தெர்மாமீட்டரில் தெரியும். மனைக்கு நடுவில் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. மேல்தட்டு மட்டத்திலும் ஒன்று வேண்டும். சுவரோர மூலைகளில் விழுந்தால் காற்று தேங்குகிறது. கதவு, ஜன்னல் பக்கம் கூடுதலாக விழுந்தால் வலையைப் பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாக விழுந்தால் இலை, அல்லது இளம்புழு.

நாளும் பேசும். பால்புழு நோய் தொற்றிய பிறகு வெளியே தெரிய 5 முதல் 7 நாள் வரை ஆகும். ஆகவே இளம்புழு வந்து இரண்டு மூன்று நாளில் மூன்றாம் பருவத்திலேயே (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம், ஐந்தாவதே கடைசி) பால்புழு விழுந்தால், தொற்று உங்கள் மனைக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம், ஆறாம் நாளில் விழுந்தால் உங்கள் தட்டிலும் தரையிலும் கையிலும் இருந்த கிருமிதான் காரணமாக இருக்கும். சாக்கி மையத்தோடு சண்டை போடும் முன் இந்தத் தேதியைப் பார்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

முழுத் தோல்வியை விடப் பாதித் தோல்விதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. அதை யாரும் தோல்வி என்றே கணக்கில் எடுப்பதில்லை. 100 முட்டைத் தொகுதிக்கு 55 கிலோ வந்தால், “ஏதோ முதலுக்கு மோசமில்ல” என்று அங்காடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த 55 கிலோவுக்குள் இரண்டு வேறு வேறு கதைகள் ஒளிந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு தராசும் கால் மணி நேரமும் போதும்.

அறுவடை செய்த கூட்டில் எடுப்பாகப் பொறுக்காமல் கைக்கு வந்தபடி ஒரு கிலோ நிறுத்து எண்ணுங்கள். ஒரு கிலோவுக்கு 560 கூடு இருந்தால், ஒரு கூடு சுமார் 1.8 கிராம். இரட்டைக் கலப்பின இருசந்ததிப் புழுவுக்கு (இயல்பில் வருடத்துக்கு இரு தலைமுறை காணும் இனம்) அது நல்ல எடை. 55 கிலோவுக்கு 30,800 கூடு. 100 தொகுதியிலிருந்து ஏறத்தாழ 45,000 இளம்புழு வந்திருந்தால் 14,000 புழுவுக்கு மேல் செத்திருக்கிறது என்று அர்த்தம். இலையில் குறையில்லை, நோயோ ஊசி ஈயோ தின்றிருக்கிறது. மாறாக, ஒரு கிலோவுக்கு 720 கூடு இருந்தால் ஒரு கூடு 1.4 கிராம்தான். 55 கிலோவுக்கு 39,600 கூடு. புழு பெரும்பாலும் பிழைத்துவிட்டது, ஆனால் வயிறு நிறையவில்லை. முதல் ஆள் மனையைக் கழுவ வேண்டும். இரண்டாம் ஆள் தோட்டத்துக்குப் போக வேண்டும். இருவரும் ஒரே 55 கிலோவைப் பார்த்து ஒரே கடையில் ஒரே பவுடரை வாங்கினால் இரண்டாமவரின் பணம் வீண்.

இந்த இரண்டாமவரின் தவறு பெரும்பாலும் முட்டை பதிவு செய்யும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இலையாகக் கணக்கிட்டால் 100 தொகுதி இருசந்ததிப் புழுவுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கிலோ வேண்டும். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் அந்த ஆறேழு நாளில் மட்டுமே செலவாகிறது. மூன்றாம், நான்காம் பருவத்தில் தோட்டம் நிறைய இலை நிற்பதைப் பார்த்து “இன்னும் 50 தொகுதி கூட வாங்கியிருக்கலாம்” என்று தோன்றும். ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாள் தோட்டம் மொட்டையாகும்போது ஊர் ஊராக இலைக்கு அலைவார்கள். வெளியிலிருந்து வரும் வாடிய இலை, மருந்து பட்டதோ என்று தெரியாத இலை, அதோடு பிளாச்சரியும் வந்து சேரும்.

இடநெருக்கடியும் இதே வகை. ஐந்தாம் பருவம் முடியும்போது 100 தொகுதிக்கு 700 சதுர அடிக்குக் குறையாத படுக்கை வேண்டும். அடிக்கு அடி குச்சியில் ஒரு சட்டம் கட்டி, படுக்கையில் வைத்து உள்ளே இருக்கும் புழுவை எண்ணுங்கள். 65க்கு மேல் போனால் நெருக்கம். கூடு கட்டும் வலையில் விடும்போது சதுர அடிக்கு 40 முதல் 50 புழு. அதற்கு மேல் திணித்தால் இரட்டைக் கூடும் கறைக் கூடும் அதிகமாகும். கழித்து ஒதுக்கிய கூடுகளை அப்படியே மூட்டை கட்டி விற்காமல் வகை பிரித்து எண்ணினாலும் ஒரு பாடம் கிடைக்கும். இரட்டைக் கூடு நெருக்கத்தைச் சொல்லும். கறைக் கூடு, கூடு கட்டும் நேரத்தில் ஈரக்காற்று வெளியேறாததைச் சொல்லும். துளைக் கூடு ஊசி ஈயைச் சொல்லும்.

காரணம் மனைக் கிருமி என்று தெரிந்தால் கழுவும் வரிசையில் கவனம் வேண்டும். இங்கேதான் நல்ல உழைப்பாளிகளும் தவறுகிறார்கள். முதலில் பெருக்கி, தட்டி, ஒட்டடை அடித்துவிட்டுப் பிறகு மருந்து தெளிக்கிறார்கள். காய்ந்த படுக்கைத் தூசியில் இருக்கும் கிருமி பெருக்கும்போது மனை முழுவதும் பரவி உச்சிச் சட்டம் வரை ஏறிவிடும். சரியான வரிசை இது: அறுவடை முடிந்ததும், எதையும் அசைக்காமல் முதல் தெளிப்பு. அடுத்து நோய்ப்புழுவையும் கழிவையும் பொறுக்கி எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல். பிறகு பெருக்கிக் கழுவி வெயிலில் காய வைத்தல். அடுத்த இளம்புழு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன் இரண்டாம் தெளிப்பு, கதவடைத்து ஒரு நாள்.

கரைசல் 2 சதவீத பிளீச்சிங் பவுடர், 0.3 சதவீத நீற்றிய சுண்ணாம்பு. அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பவுடர், 30 கிராம் சுண்ணாம்பு. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மீதித் தண்ணீரில் கலந்து, துணியில் வடிகட்டி, கலந்த உடனே தெளிக்க வேண்டும். தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 2 லிட்டர் கணக்கு. 1,000 சதுர அடி மனை என்றால் 93 சதுர மீட்டர், 186 லிட்டர். 16 லிட்டர் தெளிப்பானில் பன்னிரண்டு டேங்க் வரும். பவுடர் மட்டும் 3.7 கிலோ ஆகும். மூன்று டேங்க் தெளித்துவிட்டு “மருந்தடிச்சும் நோய் வந்திருச்சு” என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பவுடரில் 30 சதவீத குளோரின் இருக்க வேண்டும். வாய் கட்டாமல் மூலையில் கிடந்த பழைய மூட்டையில் குளோரின் பறந்துபோய் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சியிருக்கும். மூட்டையை அவிழ்த்ததும் மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வளர்ப்பின் நடுவில், நோய்ப்புழுவைக் கையால் பொறுக்கக் கூடாது. இடுக்கியால் எடுத்து, இதே 2 சதவீதக் கரைசல் உள்ள பாத்திரத்தில் போட வேண்டும். விஜேதா போன்ற நோய்தடுப்புப் படுக்கைப் பவுடரைத் தோலுரிப்பு முடிந்ததும், முதல் இலை போடுவதற்கு அரை மணி நேரம் முன் தூவ வேண்டும். புழு தின்றுகொண்டிருக்கும்போது தூவுவதும், தோலுரிப்பில் அசையாமல் இருக்கும்போது தூவுவதும் பயன் தராது.

தோற்ற பிறகு செய்யும் இன்னொரு பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. சாக்கி மையத்தை மாற்றி, உரத்தை மாற்றி, பவுடரை மாற்றி, கூரையில் ஓலை போட்டு, அடுத்த பேட்ச் நன்றாக வந்துவிட்டால் எது காப்பாற்றியது என்று தெரியாது. அடுத்த வெயிலுக்கு நாலையும் செய்ய வேண்டியிருக்கும். மனையைச் சுத்தம் செய்வது எப்போதும் கட்டாயம், அதில் சோதனை கிடையாது. அதற்கு மேல் ஒரு பேட்சுக்கு ஒரு மாற்றம் செய்யுங்கள். முடிந்தால் மனையின் ஒரு வரிசைத் தாங்கியில் மட்டும் செய்து, அடுத்த வரிசையைப் பழையபடி விட்டு, இரண்டையும் தனித்தனியே அறுத்து, தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.

அதேபோல, ஓசூர்க்காரரின் வெற்றியைப் பென்னாகரத்துக்காரர் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளவும் கூடாது. ஐந்தாம் பருவப் புழுவுக்கு வேண்டியது 24 டிகிரி, 65 முதல் 70 சதவீத ஈரப்பதம். ஓசூர், தளி மேட்டுப்பகுதியில் மார்கழி இரவில் வெப்பம் அதைவிட வெகுவாக இறங்கிவிடும். அங்கே தோல்வி என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கட்டி. மனையைச் சூடேற்றவும், தோலுரிப்பில் சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையை உலர்வாக வைக்கவும் வேண்டும். தருமபுரி சமவெளியில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும். இங்கே தோல்வி என்றால் பிளாச்சரியும் பால்புழுவும். கூரையைக் குளிர்விக்க வேண்டும், ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்க வேண்டும், காற்றும் ஓட வேண்டும். சாக்கைத் தொங்கவிட்டு ஜன்னலை அடைத்துவிட்டால் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்து நோய்க்கு வசதியாகிவிடும். அவரவர் ஊரின் தோல்விதான் அவரவருக்கு உதவும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தொழில் நிற்பதே கவனமாக ஆராயப்பட்ட தோல்விகளின் மேல்தான். இத்தாலியில் அகோஸ்தினோ பாசி சுண்ணாம்புக்கட்டி நோய்க்குக் காரணம் தேடிப் பல ஆண்டுகள் தவறான திசையில் சோதனை செய்தார். கடைசியில் அது ஒரு பூஞ்சை என்று 1835இல் வெளியிட்டார். விலங்குகளின் நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரி காரணமாகலாம் என்று சோதனையால் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று அது. அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பிரான்சில் லூயி பாஸ்டர் 1865இல் பெப்ரினை ஆராய ஆலேஸ் ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் முதலில் எடுத்த முடிவே தவறு. புழுவுக்குள் தெரிந்த துகள்கள் ஒட்டுண்ணி அல்ல என்று நினைத்தார். பிறகு துகள் இல்லாத பூச்சியிலிருந்து எடுத்த முட்டைகளிலும் புழுக்கள் செத்தன. அதை மறைக்காமல் நோண்டிப் பார்த்ததில்தான், இருப்பது ஒன்றல்ல, பெப்ரின், பிளாச்சரி என இரண்டு நோய்கள் என்பது தெரிந்தது. தாய் அந்துப்பூச்சி முட்டையிட்ட பின் அதை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை அவர் கொடுத்தது. முட்டை தயாரிக்கும் நம் வித்தகங்களில் இன்றும் அதுதான் நடக்கிறது. நோயற்ற முட்டைத் தொகுதி என்று நாம் வாங்குவது அந்தத் தோல்வியின் பயன்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வேண்டும். முட்டை லாட் எண், இளம்புழு வந்த தேதி, தோலுரிப்புத் தேதிகள், தினமும் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் வெப்பமும் ஈரப்பதமும், இலை எந்தப் பாத்தியிலிருந்து வந்தது, எத்தனை புழு பொறுக்கினோம், எந்தத் தட்டில் என்பவை போதும். ஒரு நாளைக்கு மூன்று வரி. அந்த நோட்டை வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். இலை போடுவதும் படுக்கை பார்ப்பதும் பெரும்பாலும் அவர்கள். முதல் பால்புழு தட்டின் விளிம்பில் ஏறுவதைப் பார்ப்பவரும் அவரே. ஆனால் பயிற்சிக்கு ஓசூர் போவதும், கூட்டத்தில் பதில் சொல்வதும் ஆண்கள். பார்த்தவர் ஒருவர், பேசுபவர் ஒருவர் என்று இருக்கும் வரை காரணம் பாதி வழியில் தொலைந்துகொண்டே இருக்கும்.

பட்டு வளர்ச்சித் துறைக்கு எங்கள் கோரிக்கை: பயிற்சிகளில் சாதித்த விவசாயியைப் பேச வைப்பது போலவே, தோற்று, காரணம் கண்டு, அடுத்த பேட்சில் எழுந்தவரையும் பேச வையுங்கள். அவர் தன் நோட்டோடு வரட்டும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு இரு மாவட்டத்து விவசாயிகளும் வருகிறார்கள். அங்கே ஒரு மேசையும் மைக்ரோஸ்கோப்பும் ஒரு தொழில்நுட்ப ஊழியரும் இருந்தால், கழித்த கூட்டையும் நோய்ப்புழுவையும் காட்டி அன்றே விடை பெற்றுப் போகலாம். புழு மாதிரி மூடிய பெட்டியில் வர வேண்டும், அங்கேயே அழிக்கப்பட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அதைச் செய்வது கடினமல்ல. சாக்கி மையங்கள் ஒரே லாட் இளம்புழு வாங்கிய மற்ற விவசாயிகளின் விளைச்சலை ஊர் வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். ஒரு லாட்டில் பத்துப் பேரும் தோற்றால் காரணம் ஒன்று. ஒருவர் மட்டும் தோற்றால் காரணம் வேறு. அதைச் சொல்ல அந்த ஒரு தாள் போதும்.

தங்களிடம் வேண்டுவது வேளாண் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம். அதில் ஊர் வட்டாரம், மாதம், எத்தனை தொகுதி, எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை கூடு, என்ன அடையாளம் கண்டார், எதைக் காரணம் என்று எப்படி உறுதி செய்தார், அடுத்த பேட்சில் எந்த ஒன்றை மாற்றினார், என்ன வந்தது என்பவை மட்டும் இருக்கட்டும். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், மருந்துக் கம்பெனியின் பெயரும் வேண்டாம். பெயர் போடாவிட்டால்தான் வெட்கம் விட்டு எழுதுவார்கள். எங்கள் வட்டாரத்திலிருந்து அத்தகைய பதிவுகளைத் திரட்டி, கணக்கைச் சரிபார்த்து அனுப்ப நாங்கள் தயார். ஐப்பசி மழைக்கு முன் தொடங்கினால், சுண்ணாம்புக்கட்டி நோய் பற்றிய பதிவுகள் அந்த ஈரப் பருவத்திலேயே மற்ற மனைகளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
பட்டுப்புழு வளர்ப்போரும், பட்டுத் தொழில்நுட்பப் பணியில் இருந்து ஓய்வு பெற்றோரும்,
பாலக்கோடு வட்டாரம்,
தருமபுரி மாவட்டம்.